புரொபேஷன் முடிந்ததும் ராஜினாமா: வங்கிக் கிளைகளில் இளம் அதிகாரிகள் ஏன் நிற்பதில்லை?

டெல்டா மேனேஜர்

வணக்கம். ஒரு பொதுத்துறை வங்கியில் தஞ்சாவூர்ப் பக்கம் கிளை மேலாளராக இருக்கிறேன். நகைக்கடன், பயிர்க்கடன், மகளிர் குழு, பென்ஷன் கணக்கு என்று ஓடுகிற கிளை. புரொபேஷன் முடித்துக் கொஞ்ச நாளே ஆன பிஓ (புரொபேஷனரி ஆபீசர், புதிதாகச் சேரும் அதிகாரி) ஒருவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 கிடைத்துவிட்டதாம். கெட்டிக்காரப் பையன். நகைக்கடன் கவுன்ட்டரில் கூட்டம் நெரியும்போதும் ஒரு பாட்டியிடம்கூடக் குரலை உயர்த்தியதில்லை.

வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் போட்ட பன்னிரண்டாவது இருதரப்புச் சம்பள ஒப்பந்தத்துக்குப் பிறகு பிஓவின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய். அவர் போகிற இடத்தில் கைக்கு வருவது இதைவிடப் பெரிதாகக் கூடிவிடாது. ஆக, பணத்துக்காகப் போகிறார் என்று முடித்துவிட முடியவில்லை. ரீஜனல் ஆபீஸ் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து போனவர்கள் எல்லாரும் அதைத்தான் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன்.

தனியார் வங்கிகளில் ஆள் நிற்பதில்லை என்பது பழைய செய்தி. எங்கள் பக்கமும் இது தொடங்கிவிட்டதா? நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். அப்புறம், ஒரு கிளை மேலாளர் கையில் இதில் என்ன இருக்கிறது என்பதையும்.

முன்னாள் பிஓ

சார், நானும் அதே வழியில் வெளியே போனவன்தான். இப்போது மாநில அரசு வேலை. அந்தப் பையன் எழுதாத காரணத்தை நான் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஏழு மணி ரிவ்யூ. உங்களுக்குத் தெரியாததில்லை. கேஷ் டேலியாகி, பெட்டகம் பூட்டி, டே எண்டுக்காக (கம்ப்யூட்டரில் அன்றைய கணக்கு முடிவதற்காக) காத்திருக்கும்போது வீடியோ கால் வரும். எங்கள் ரீஜனல் ஆபீசிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு அட்டவணை முன்கூட்டியே விழும். கிளைப் பெயர், இலக்கு, இன்று செய்தது. கடைசிப் பத்துக் கிளைகள் சிவப்பில். அடல் பென்ஷன் யோஜனா (ஏபிஒய்) கணக்கு பிடிக்கும் லாகின் டே என்றால் மதியம் பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று அதே அட்டவணை வந்துகொண்டே இருக்கும். என் மேனேஜர் வேண்டுமென்றே என்னைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைப்பார். "இவர்தான் சார் ஏபிஒய் பார்க்கிறார்" என்று ஒரு வார்த்தை. அதோடு அவர் தப்பித்தார். நூறு கிளை பார்க்க, "படிச்சிட்டுத்தானே வந்தீங்க? ஒரு நாளைக்கு அஞ்சு கணக்கு புடிக்க முடியாதா?" என்பது எனக்கு.

அன்றைக்கு நான் பன்னிரண்டு பயிர்க்கடன் புதுப்பித்திருந்தேன். அதைக் கேட்க அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. வேலை அதிகம் என்பதற்காக நான் போகவில்லை. செய்த வேலை எவர் கண்ணிலும் படவில்லை, செய்யாத வேலைதான் நூறு பேர் முன்னால் படித்துக் காட்டப்பட்டது.

பழைய லெட்ஜர்

தம்பிமார்களே, வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நான் 1979-இல் கிளார்க்காகச் சேர்ந்தவன். கையால் லெட்ஜர் எழுதிய காலம். ஜூனிலும் டிசம்பரிலும் அரையாண்டுக் கணக்கு முடிக்க ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு ஆகும். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் ஆதியிலிருந்து டிக் அடித்துக்கொண்டு வர வேண்டும். எங்களையும் மேனேஜர்கள் திட்டினார்கள். யாரும் ராஜினாமா செய்யவில்லை. இப்போது கம்ப்யூட்டர் வட்டி போடுகிறது, ஏசி ஓடுகிறது, ஒரு வீடியோ காலில் இரண்டு வார்த்தை கேட்டதும் மனசு ஒடிந்துவிடுகிறது என்றால் எப்படி?

தோழர் கேஷியர்

பெரியவருக்கு வணக்கம். யாரும் போகவில்லை என்று சொல்லாதீர்கள். 2000-01-இல் விஆர்எஸ் (விருப்ப ஓய்வுத் திட்டம்) வந்தபோது பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். போவதற்கு ஒரு நல்ல வழி திறந்ததும் வரிசையில் நின்றார்கள். அதற்கு முன் நின்றவர்கள் எல்லாம் மனசு நிறைந்து நின்றார்களா, போக இடமில்லாமல் நின்றார்களா?

இன்னொன்று. உங்களுக்குப் பென்ஷன் உண்டு. 2010 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம், சேரும் தொகையைப் பொறுத்த பென்ஷன்) தான். முப்பது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கடைசியில் இன்னது கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு இல்லை. வேறு வேலைக்கு மாறினாலும் என்பிஎஸ் கணக்கு கூடவே போகும். அவர்களைக் கட்டி வைக்க உங்கள் காலத்தில் இருந்தது இப்போது இல்லை. ஏசியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பழைய லெட்ஜர்

விஆர்எஸ் விஷயம் சரிதான், என்னோடு வேலை பார்த்தவர்களே போனார்கள். அதற்காகத் திட்டு வாங்கியதும் பொய்யாகிவிடாது. ஆனால் யோசித்துப் பார்த்தால், எங்களைத் திட்டிய மேனேஜர் அந்தப் பன்னிரண்டு மணி வரை எங்களோடு உட்கார்ந்திருப்பார். அவரும் டிக் அடிப்பார். பரோட்டா பார்சல் அவர் கணக்கில். வித்தியாசம் கிடைத்ததும் எல்லாரும் சேர்ந்துதான் ஷட்டரை இறக்கினோம். இப்போது திட்டுகிறவர் எங்கோ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், கிளை எப்படி இருக்கும் என்றே பார்த்திருக்க மாட்டார் என்கிறீர்கள். அது வேறு மாதிரிதான்.

சேல்ஸ் ஆபீஸர் 24

அரசு வங்கிக்காரர்கள் பேசுவதைப் படித்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் கதையைக் கேளுங்கள். பெரிய தனியார் வங்கி, மதுரை.

சேர்ந்த முதல் மூன்று மாதம் நீங்கள் ஹீரோ. மாமா, சித்தி, காலேஜ் நண்பன், அப்பாவின் மளிகைக் கடைக்காரர் என்று எல்லாரிடமும் சேமிப்புக் கணக்கு திறந்துவிடுவீர்கள். ஆறாவது மாதம் சொந்தக்காரர்கள் தீர்ந்துவிடுவார்கள். இலக்கு மட்டும் தீராது, போன மாதம் செய்ததற்கு மேல் போட்டு வரும். அதற்குப் பிறகு காலையில் ஒரு ஹடில் (குட்டி மீட்டிங்), மதியம் "நம்பர் என்ன?" என்று ஒரு மெசேஜ், இரவு எட்டு மணிக்கு கால். ஒன்பதாவது மாதம் பக்கத்துத் தெரு வங்கியின் கிளை மேலாளர் கூப்பிடுவார். சம்பளம் கொஞ்சம் கூட, பதவிப் பெயர் ஒரு படி மேல. போவீர்கள். அங்கே மறுபடி அதே சித்தியிடம் போய், "அந்தக் கணக்கை மூடிட்டு இங்க ஒண்ணு போடுங்க" என்பீர்கள். சித்தி இப்போது நான் போனால் கதவைத் திறப்பதற்கு முன் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள்.

இதில் யாருக்கும் வேலை பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்ற கேள்வியே எழுவதில்லை. ஆள் ஒரு வருஷத்தில் போய்விடுவான் என்று வைத்துத்தான் அவனை எடுக்கிறார்கள், போவதற்குள் பிழிகிறார்கள். பிழிவதால் அவன் போகிறான்.

எச்ஆர் குரல்

மேலே எழுதியவரின் வருத்தத்தை மறுக்க மாட்டேன். தனியார் வங்கியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், எங்கள் தரப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆண்டுக்கான வங்கித்துறை அறிக்கை இதைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. அந்த ஆண்டில் தனியார் வங்கிகளின் ஊழியர் எண்ணிக்கை பொதுத்துறை வங்கிகளைத் தாண்டிவிட்டது. அதே அறிக்கை, தனியார் வங்கிகளிலும் சிறு நிதி வங்கிகளிலும் ஊழியர் விலகல் சராசரியாகச் சுமார் 25 சதவீதம் என்கிறது. நாலில் ஒருவர். இதை ஆள் பற்றாக்குறை என்று மட்டும் பார்க்கக் கூடாது, செயல்பாட்டு அபாயம் என்று எழுதியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவை தடைபடும், அனுபவ அறிவு கையைவிட்டுப் போகும், புதியவர்களை எடுக்கும் செலவு ஏறும் என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். 2023-லேயே அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் சில தனியார் வங்கிகளின் விலகல் விகிதத்தைக் கவனித்து வருவதாகச் சொன்னார்.

ஆக, நிர்வாகங்களுக்குத் தெரியாது என்பதில்லை. பயிற்சி, வழிகாட்டி, மனநல ஹெல்ப்லைன் எல்லாம் வைத்திருக்கிறோம். ஆனால் நான் பார்த்தவரை, இரண்டு கிளைகளுக்கு ஒரே இலக்கு, ஒரே சம்பளம், ஒரே ஊர். ஒன்றில் ஆள் நிற்கிறான், மற்றதில் நிற்பதில்லை. நடுவில் மாறுவது கிளை மேலாளரும் அவருக்கு மேல் இருக்கும் கிளஸ்டர் ஹெட்டும்தான். அந்த கிளஸ்டர் ஹெட் நல்ல நம்பர் கொடுக்கிறவராக இருந்தால் அவர் எத்தனை பேரை விரட்டினாலும் எங்களால் அவரைத் தொட முடியாது. இதை ஆபீஸ் மெயிலில் எழுதினால் என் வேலை போய்விடும்.

சேல்ஸ் ஆபீஸர் 24

கடைசி மூன்று வரிக்காக உங்களுக்கு ஒரு கும்பிடு சார். ஹெல்ப்லைனுக்கு போன் செய்ய ஆபீஸ் நேரத்தில் வெளியே போனால், "எங்க போனே?" என்று அதற்கும் ஒரு கால் வரும்.

2023 ஜூனில் கொல்கத்தாவில் ஒரு தனியார் வங்கி அதிகாரி ஆன்லைன் மீட்டிங்கில் கீழே இருப்பவர்களைப் பார்த்துக் கத்திய வீடியோ நாடு முழுக்கச் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? வங்கி அவரை உடனே சஸ்பெண்ட் செய்தது. அடுத்த நாள் எங்கள் ஆபீசில் என்ன மாறியது தெரியுமா? மீட்டிங்கில் யாரும் ரெக்கார்ட் செய்கிறார்களா என்று முதலில் கேட்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான்.

நெறியாளர்

வங்கிப் பெயர், கிளைப் பெயர், மேலதிகாரியின் பெயர் எதையும் எழுத வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். எழுதியவர் இன்னும் அதே கிளையில் வேலை பார்ப்பது படித்தாலே தெரிகிறது, அவர் நன்மைக்காகத்தான். தொடருங்கள்.

சும்மா ஒரு வாடிக்கையாளர்

நான் வங்கிக்காரன் இல்லை. ஆனால் உங்கள் விலகல் விகிதம் எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். என் கணக்குக்கு ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று ஒருவர் உண்டு. போனை எடுத்தால், "சார், நான்தான் உங்க புது ஆர்எம்" என்பார்கள். போன தீபாவளிக்கு இருந்தவர் பொங்கலுக்கு இல்லை. ஒவ்வொருவரும் முதல் அழைப்பிலேயே ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்து இன்ஷூரன்சில் போடச் சொல்வார்கள். என் மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம் என்று முதலாமவரிடம் விளக்கியதை இரண்டாமவருக்கு மறுபடி விளக்க வேண்டும். இப்போதெல்லாம் விளக்குவதில்லை, வைத்துவிடுகிறேன்.

தோழர் கேஷியர்

வாடிக்கையாளர் சார் சொன்னதுதான் வேர். 2024 நவம்பரில் மும்பையில் நடந்த ஸ்டேட் வங்கி நிகழ்ச்சியில் நிதியமைச்சரே இன்ஷூரன்சைத் தவறாகத் தலையில் கட்டுவதைப் பற்றிப் பேசினார். மேடையில் அப்படிப் பேசுகிறார்கள், கீழே வரும் அட்டவணையில் இன்ஷூரன்ஸ் கட்டம் அப்படியே இருக்கிறது. 2016-இல் வந்த செய்தி நினைவிருக்கிறதா? ஜன்தன் கணக்குகளில் ஜீரோ இருப்பு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட வங்கி ஊழியர்களே ஒரு ரூபாய் போட்டு வைத்தார்கள். யாரும் அவர்களைப் போடச் சொல்லி எழுதிக் கொடுக்கவில்லை. கேட்கிற விதத்தில் கேட்டால் ஊழியன் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போடுவான்.

ஆனால் நீங்கள் எல்லாரும் 'பணிச்சூழல்', 'மேலாளர் குணம்' என்று பேசுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆள் இல்லை. அதுதான் விஷயம். மூன்று கவுன்ட்டர் இருந்த இடத்தில் ஒன்று. அந்த ஒருவரே கேஷ், அவரே ஆதார் இணைப்பு, அவரே பாஸ்புக் பிரிண்டர் மெக்கானிக். ஆள் போட்டால் பாதிக் கோபம் தானாகவே அடங்கும். 2024 மார்ச் 8-இல் போட்ட அந்தப் பன்னிரண்டாவது ஒப்பந்தத்தோடு ஐந்து நாள் வாரத்துக்கும் ஐபிஏ (வங்கி நிர்வாகங்களின் சங்கம்) ஒப்புக்கொண்டது. அரசு ஒப்புதலுக்குக் கிடப்பில் விழுந்தது. இத்தனைக்கும் மற்ற நாட்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக உட்காரத் தயார் என்றுதான் சொன்னோம். 2025 மார்ச் 24, 25-க்கு வேலைநிறுத்தம் அறிவித்து ஒத்திவைத்ததும் ஆளெடுப்பு, ஐந்து நாள் வாரம், செயல்திறன் ஊக்கத்தொகை எல்லாவற்றையும் முன்வைத்துத்தான். அந்த ஊக்கத்தொகை உத்தரவு மேல்நிலை அதிகாரிகளுக்குத் தனிக் கணக்கு போடுகிறது. மேலே இருப்பவருக்கு நம்பரில் காசு, கீழே இருப்பவனுக்கு நம்பரால் திட்டு.

டெல்டா மேனேஜர்

தோழர், ஆள் பற்றாக்குறையை நான் மறுத்தால் என் கவுன்ட்டர் ஆட்களே என்னை அடிப்பார்கள். ஆனால் என் பழைய கிளையில் இதைவிட ஆள் குறைவு. அங்கே யாரும் போகவில்லை. இங்கே போகிறார்கள். எச்ஆர் குரல் சொன்னது மாதிரி, ஆள் கணக்கு மட்டும் இதை விளக்கவில்லை.

எனக்குத் தோன்றுவது வேறு ஒன்று. பொதுத்துறை வங்கிகளில் பல வருஷம் ஆள் எடுக்கவே இல்லை, பிறகு ஒரேயடியாக எடுத்தார்கள். பெரிய எண்ணிக்கையில் ஓய்வு வரப்போகிறது என்று 2010-இல் பொதுத்துறை வங்கிகளின் மனிதவளம் பற்றி ஆராய்ந்த கண்டேல்வால் கமிட்டி சொன்னது, அப்படியே நடந்தது. நடுவயதுக்காரர்கள் என்ற ஒரு அடுக்கே கிளைகளில் மெலிந்துவிட்டது. நான் சேர்ந்தபோது ஒரு கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன என்று ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். இப்போது வரும் பிள்ளை இரண்டாவது வருஷமே தனியாகக் கடன் பார்க்கிறது, சில வருஷத்தில் ஒரு கிராமக் கிளைக்கே மேனேஜர். யாரும் கற்றுத் தராமல் மேனேஜரானவர், தனக்குத் தெரிந்த ஒரே முறையில் கீழே இருப்பவரை நடத்துகிறார். அதாவது, ஏழு மணி காலில் தனக்கு நடந்த முறையில்.

ஸ்கேல் டூ

இந்த இழையில் இதுவரை ஆண் குரல்தான் கேட்கிறது, நானும் எழுதிவிடுகிறேன். பொதுத்துறை வங்கி, மேனேஜர் கிரேடு, கிளையில் இரண்டாம் நிலை அதிகாரி.

நான் போகவில்லை. ரீஜனல் ஆபீஸ் கணக்கில் நான் 'தக்கவைக்கப்பட்ட ஊழியர்'. ஏன் போகவில்லை? வீட்டுக் கடன் ஸ்டாஃப் வட்டியில் ஓடுகிறது. அந்தச் சலுகைக்கும் வருமான வரி கட்ட வேண்டும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது, அப்படியும் வெளி வட்டியைவிட லாபம். அந்தக் கடன் முடியும் வரை இருப்பேன். இதைத் திருப்தி என்று எழுதிக்கொண்டால் எழுதிக்கொள்ளட்டும்.

பெட்டகச் சாவியைப் பற்றி யாருமே எழுதவில்லையே! கேஷ் பெட்டகத்துக்கும் நகைப் பெட்டகத்துக்கும் இரட்டைச் சாவி. ஒன்று கேஷியரிடம், ஒன்று என்னிடம். நான் வராவிட்டால் கிளை திறக்காது. குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால், காலையில் முதல் கவலை டாக்டர் இல்லை, சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுதான். வாங்கிக்கொள்கிற அதிகாரி கிளைக்கு வந்து, இருப்பை எண்ணி, சாவிப் பதிவேட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கிளையில் வாங்க ஆளே இல்லை. ஒருமுறை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து பெட்டகத்தைத் திறந்துவிட்டு, அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆட்டோவுக்குக் காசு கொடுத்தவரே அவர்தான். ஆனால் எனக்கு மாற்று ஆள் கேட்டு ஒரு கடிதம் எழுத அவருக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் 'கிளையை நிர்வகிக்கத் தெரியாதவர்' என்று பெயர் வந்துவிடுமாம்.

வேடிக்கை என்னவென்றால், ரிசர்வ் வங்கி 2021-இல் போட்ட ஒரு விதி இருக்கிறது. முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை முன்கூட்டிச் சொல்லாமல் வருஷத்தில் குறைந்தது 10 வேலை நாள் தொடர்ச்சியாக விடுப்பில் அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் ஆபீஸ் வேலை எதையும் தொடக் கூடாது. மோசடி இருந்தால் வெளியே வரட்டும் என்பதற்காக. அந்த விடுப்பு வந்தபோது மட்டும் மாற்று ஆள் எங்கிருந்தோ முளைத்தார்! என் மேல் சந்தேகப்படும் விதிதான் எனக்கு நிம்மதியான பத்து நாளைக் கொடுத்தது.

முன்னாள் பிஓ

அக்கா, அப்படியானால் ஸ்கேல் த்ரீ (சீனியர் மேனேஜர்) புரமோஷன்?

ஸ்கேல் டூ

எழுதிக் கொடுத்துவிட்டேன், வேண்டாம் என்று. புரமோஷன் வந்தால் கூடவே டிரான்ஸ்ஃபர் வரும். வேறு மாநிலம்கூட ஆகலாம். பெண் ஊழியர்களை முடிந்தவரை பக்கத்திலேயே போடும்படி இடமாற்றக் கொள்கையைத் திருத்தச் சொல்லி 2024 நவம்பரில் நிதிச் சேவைகள் துறை பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியது. நல்ல விஷயம். ஆனால் 'முடிந்தவரை' எந்த ஊர் வரை என்று யாருக்குத் தெரியும்? என்னோடு பரீட்சை எழுதிய கிளார்க்குகளில் பலர் அதிகாரித் தேர்வுக்கே போகவில்லை. புத்தி இல்லாமல் இல்லை, மாமியாருக்கு டயாலிசிஸ், பையனுக்குப் பத்தாம் வகுப்பு. திறமைசாலிகள் கீழேயே தங்கிவிடுவதால் யார் மேலே போகிறார்கள் என்று பாருங்கள். எங்கே தூக்கி அடித்தாலும் போகக்கூடியவர்கள். அவர்கள்தான் பிறகு ஏழு மணி காலில் உட்கார்ந்து, "குடும்பத்தை எல்லாம் பாத்துக்கிட்டு பேங்க்ல வேல பாக்க முடியாதும்மா" என்கிறார்கள்.

காவிரிக் கரை

நான் ஒரு பழைய தனியார் வங்கியில் இருக்கிறேன். நம் ஊர்களிலேயே தலைமையகம் வைத்திருக்கும் வகை. கும்பகோணம், கரூர், தூத்துக்குடி என்று உங்களுக்கே தெரியும், மூன்றும் நூறு வருஷத்தைத் தாண்டியவை. இரண்டு பக்கமும் கேட்ட பிறகு எங்கள் பக்கம் கொஞ்சம் நடுவில் இருப்பதாகத் தோன்றுகிறது. ரீஜனல் ஹெட்டை அவர் கிளார்க்காக இருந்த நாளிலிருந்து தெரியும். திட்டுவார், மறுநாள் கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருவார். அதனால் திட்டும் ஒரு அளவோடு நிற்கும். ஆனால் அதே காரணத்தால் யார் யாருக்கு வேண்டியவர் என்ற கணக்கும் உண்டு. வெளியிலிருந்து வந்த பெரிய வங்கி ஆட்கள் மேல் பதவிகளில் உட்கார ஆரம்பித்த பிறகு அட்டவணையும் சிவப்பு நிறமும் எங்களுக்கும் வந்துவிட்டது. சொர்க்கம் எங்கேயும் இல்லை.

கலிஃபோர்னியா தமிழன்

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பொருந்தும். வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுப் பொருள் விற்க வேண்டும் என்று இலக்கு. கிளை ஊழியர்களை நாளுக்கு நாள் நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் சுமார் 5,300 பேரை வங்கி வேலையை விட்டு நீக்கியிருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கவனியுங்கள், இலக்கு அப்படியே இருந்தது, இலக்குக்காகப் பொய்க் கணக்கு திறந்தவர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2020-இல் 300 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தார்கள். தலைமை நிர்வாகியாக இருந்த ஜான் ஸ்டம்ஃபுக்கு 1.75 கோடி டாலர் அபராதம், வங்கித் தொழிலிலேயே இருக்கக் கூடாது என்று தடை. மேலே இருந்தவர் வரை கணக்குக் கேட்க அத்தனை வருஷம் பிடித்தது.

எச்ஆர் குரல்

இந்த உதாரணத்தை எங்கள் பயிற்சி வகுப்பில்கூடக் காட்டுகிறோம். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் போனை எடுத்து அன்றைய நம்பரைப் பார்க்கிறார்கள்.

டெல்டா மேனேஜர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லையே. கிளை மேலாளர் கையில் என்ன இருக்கிறது?

பழைய லெட்ஜர்

என் அனுபவத்தில் சொல்கிறேன். மேலிருந்து வரும் கோபத்தை மேனேஜர் தன் மேசையோடு நிறுத்த வேண்டும். ரிவ்யூவுக்குத் தான் மட்டும் உட்காரட்டும். அட்டவணையை அப்படியே கிளைக் குழுவுக்கு ஃபார்வர்ட் செய்யக் கூடாது. மறுநாள் காலை யாருக்கு என்ன முடியும் என்று பிரித்துச் சொல்லட்டும். அப்புறம், புதிதாக வந்த பிள்ளையை வாரத்தில் இரண்டு நாளாவது பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கடன் ஃபைலை முழுதாகப் படிக்க வைக்க வேண்டும். வேலை கற்கிறோம் என்று தெரிந்தால் பையன் திட்டையும் தாங்குவான்.

டெல்டா மேனேஜர்

முதலாவதை நான் கொஞ்ச நாளாகச் செய்கிறேன் ஐயா. காலில் தனியாக உட்காருகிறேன். விளைவு: "உங்க டீம் எங்கே? அவங்கள கூப்பிடுங்க" என்று ஒருமுறை நேராகவே கேட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். அந்த மாதக் குறிப்பில் 'தலைமைப் பண்பு குறைவு' என்று வந்தது. இருக்கட்டும், எனக்கு இன்னும் ஐந்து வருஷ சர்வீஸ்தான், அந்தக் குறிப்பு என்னை ஒன்றும் செய்யாது. முப்பத்தைந்து வயதில் இருந்தால் செய்திருப்பேனா என்று தெரியவில்லை.

ஃபைல் படிக்க வைப்பதுதான் கஷ்டம். மதியம் மூன்றரை வரை கூட்டம், பிறகு கேஷ், பிறகு கால். சனிக்கிழமைதான் நேரம். அதிலும் இரண்டாவது, நாலாவது விடுமுறை. மீதி இருக்கும் சனிக்கிழமைகளில் முயற்சி செய்கிறேன்.

தோழர் கேஷியர்

பார்த்தீர்களா, நேரம் இல்லை என்கிறீர்கள். நேரம் என்றால் ஆள். நான் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டீர்கள்.

ஸ்கேல் டூ

தோழர், ஆள் வந்தால் நல்லதுதான். ஆனால் அந்த ஆளையும் சிவப்புக் கட்டத்தில் போட்டால் அவரும் போய்விடுவார், நீங்கள் மறுபடி ஆள் கேட்பீர்கள்.

இன்னொன்று டெல்டா சார். மூன்று வருஷத்தில் உங்களுக்கும் டிரான்ஸ்ஃபர் வரும். நீங்கள் கட்டிக் காப்பாற்றிய பழக்கம் எல்லாம் உங்களோடு லாரியில் ஏறிவிடும். அடுத்து வருகிறவர் முதல் நாளே எல்லாரையும் கேமரா முன்னால் உட்கார வைக்கலாம். ஒரு ரீஜனுக்கே, ஆறு மணிக்கு மேல் கால் கிடையாது, பெயர் சொல்லிப் பட்டியல் கிடையாது என்று எழுத்தில் விதி வந்தால்தான் அது நிற்கும். எழுத்தில் இருப்பதைத்தான் வங்கி மதிக்கும், சாவிப் பதிவேடு மாதிரி.

எச்ஆர் குரல்

அதோடு ஒன்று சேர்க்கலாம். கிளஸ்டர் ஹெட்டின், ரீஜனல் ஹெட்டின் மதிப்பீட்டில் அவருக்குக் கீழே எத்தனை பேர் விலகினார்கள் என்பதற்கும் மதிப்பெண் போட வேண்டும். இலக்குக்கு எவ்வளவு போடுகிறார்களோ அதில் ஒரு பங்காவது. நான் இதை உள்ளே ஒரு கூட்டத்தில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

புது பிஓ

எல்லாப் பதிவையும் படித்தேன், கொஞ்சம் பயமாக இருக்கிறது. சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. சேரும்போது 2 லட்சம் ரூபாய் பாண்ட் எழுதி வாங்கினார்கள். இடையில் போனால் அந்தப் பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டுமா? கோர்ட்டில் நிற்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

முன்னாள் பிஓ

தம்பி, நண்பர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வங்கி பிறகு பாங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது, வழக்கு அதற்கு முந்தையது. மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 2 லட்சம் என்று நியமன நிபந்தனை. வேறு வங்கிக்குப் போன அதிகாரி பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதாகாது, பொதுத்துறையில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க ஆகும் செலவையும் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பு.

அதனால் முதலில் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வங்கிக்கு வங்கி தொகையும் மாறும், வருஷமும் மாறும். ஸ்டாஃப் லோன் ஏதாவது வாங்கியிருந்தால் ராஜினாமாவுக்குப் பிறகு வட்டி என்ன ஆகும் என்பதையும் அதோடு கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சலுகை போய்விடும். டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வு எழுதுவதாக இருந்தால் விண்ணப்பிக்கும்போதே ஆபீசுக்குத் தெரிவித்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிலீவ் ஆகும்போது அந்தத் தாள் இல்லாமல் நான் அலைந்தது போதும்.

புது பிஓ

நன்றி அண்ணா. கடிதம் ஊரில் இருக்கிறது, அப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். போவதாக இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கள் மேனேஜர் பரவாயில்லை.